சர்க்கரையை மெஷின் சொல்லும்... சுகத்தை யார் சொல்வது, தெரியுமா?

ஆள் ஒருவர், கேள்வி ஒன்று, பதில் மட்டும் மூன்று! ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிட்டுவந்த 75 பேரைப் பற்றி 1982-ல் பிரிட்டனில் வெளியான ஆய்வு இது. மருந்து ஆரம்பித்த பிறகு இவர் வாழ்க்கை எப்படி? டாக்டர்களைக் கேட்டால், 75 பேருக்குமே முன்னேற்றம்! நோயாளிகளில் 'தேவலை' என்றவர்கள் பாதிகூட இல்லை. வீட்டாரில்? நூற்றுக்கு 99 பேர் 'முன்னைவிட மோசம்' என்றார்கள்! மறதி, சிடுசிடுப்பு, மனச்சோர்வு... பிரஷர் இறங்கியதைப் பார்த்தவர் டாக்டர். எரிந்து விழுவதைப் பார்த்தவர்கள் வீட்டார்.

டயாலிசிஸ் என்றாலே வாழ்க்கை இருண்டுவிடும் என்றுதானே நினைக்கிறோம்? 2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோயாளிகள் கையில் ஒரு குட்டிக் கருவியைக் கொடுத்தார்கள். ஒரு வாரம், அது 'பீப்' அடிக்கும்போதெல்லாம் அந்த நிமிட மனநிலையைப் பதிய வேண்டும். ஆரோக்கியமானவர்களுக்கும் அதே கருவி. இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமே இல்லை! டயாலிசிஸ் என்றால் மனம் நொறுங்கிவிடும் என்று ஊகித்த ஆரோக்கியசாலிகள்தான் ஏமாந்தார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 100 கேள்விகளோடு வாழ்க்கைத் தர அளவுகோலை உருவாக்கியபோது, அதற்கு உழைத்த 15 மையங்களில் ஒன்று எது தெரியுமா? நம்ம சென்னை! அதன் 26 கேள்விச் சுருக்கம் வலி, தூக்கத்தோடு நிற்காமல் கையில் காசு இருக்கிறதா, போய்வர வண்டி வசதி உண்டா என்றும் கேட்கிறது.

வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது டப்ளின்காரர்கள் கண்டுபிடித்த வட்டு. 'உங்கள் வாழ்க்கையில் முக்கியமான ஐந்தைச் சொல்லுங்கள்' என்று கேள்வியையே நோயாளியிடம் விட்டுவிடுகிறார்கள்! பேரப்பிள்ளை, சாமி, தோட்டம், எதுவானாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம். வட்டைச் சுழற்றி, பெரிதாக நினைப்பதன் வண்ணத்தை அகலமாக விரிக்கலாம். ஒன்று விரிந்தால் இன்னொன்று சுருங்கியாக வேண்டும். தோட்டத்துக்கு எவ்வளவு இடம் என்பதை விரல் முடிவு செய்கிறது!

இப்படி நோயாளியையே கேட்டால் ஆயுள்கூட நீளுமா? நீண்டிருக்கிறது! பரவிய புற்றுநோயோடு கீமோதெரபி எடுத்த 766 பேரை நியூயார்க்கில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் வலி, வாந்தி, சோர்வைக் கம்ப்யூட்டரில் தாங்களே பதிந்தார்கள். தொல்லை கடுமையானால் நர்ஸுக்கு உடனே தகவல் போகும். 2017-ல் முடிவு வந்தது: வழக்கமான கவனிப்பு பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 26 மாதம்; பதிந்தவர்களுக்கு 31.2! இதற்கென்று புது மருந்து எதுவும் தரப்படவில்லை.