நன்னா மறந்தால் நாமும் மறப்பதா?

"எங்கள் நன்னா நேற்று அஸரை மூன்று முறை தொழுதார்கள், ஹஜ்ரத்!"

மதரஸாவில் மாணவன் ஒருவன் இவ்வாறு கூறியதும் வகுப்பே சிரித்தது. ஒரு கணம் நானும் புன்னகைத்துவிட்டேன். அல்லாஹ் மன்னிப்பானாக! பேரனுக்கு அலிஃப், பே சொல்லிக் கொடுத்து, கைப்பிடித்து என்னிடம் அழைத்து வந்தவர் அந்த முதியவர்தாம் என்பது பிறகே நினைவுக்கு வந்தது. மறதி அவருக்கு மட்டுமா? எனக்கும் அல்லவா!

அன்பு வாசகர்களே! இது முதுமையில் எல்லோருக்கும் வரும் மறதியன்று. மூளையைத் தாக்கும் நோய். இதன் மிகப் பரவலான வகையை 1906ஆம் ஆண்டில் விவரித்தவர் ஜெர்மானிய மருத்துவர் அல்ஸைமர். அவர் பெயராலேயே அது வழங்குகிறது. இன்று உலகில் 5 கோடிக்கும் அதிகமானோர் மறதி நோயுடன் வாழ்கின்றனர். அண்மை நிகழ்வுகள் முதலில் அழியும். இளமை நினைவுகள் நெடுங்காலம் நிற்கும். காலையில் உண்டதை மறந்தவர், சிறுவயதில் மனப்பாடம் செய்த சூராவைப் பிழையின்றி ஓதக்கூடும்.

எல்லாம் அறிந்திருந்தவர் எதையும் அறியாதவராகிவிடும் தள்ளாத வயதைத் திருமறை (16:70) குறிப்பிடுகிறது. அந்நிலையை விட்டு நாயகம் (ஸல்) அவர்களே பாதுகாவல் தேடியுள்ளார்கள். அறிவு நீங்கியவர் மீது மார்க்கக் கடமைகள் சுமத்தப்படுவதில்லை. அல்லாஹ்வே கேள்வி கேட்காத ஒருவரைக் கடிந்துகொள்ள நாம் யார்? முதுமையடைந்த பெற்றோரைச் 'சீ' என்றும் சொல்லலாகாது என்பது இறைக்கட்டளை (17:23). பெற்றோரைப் பெற்றவர்களைக் கைப்பேசியில் படம் பிடித்துப் பரப்பி, ஊரைச் சிரிக்க வைப்பது அதனினும் கொடிதன்றோ?

இளைஞர்களே! "நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" எனப் பரீட்சை வைக்காதீர்கள். ஸலாம் கூறி, "நன்னா, உங்கள் பேரன் வந்திருக்கிறேன்" என்று அருகில் அமருங்கள். மவுத்தாகிவிட்ட நன்னியை அவர் தேடினால், மரணச் செய்தியை மீண்டும் மீண்டும் சொல்லி அழவைக்க வேண்டாம், பொய்யும் வேண்டாம். "நன்னி நெய்ச்சோறு எப்படி ஆக்குவார்கள்?" எனக் கேளுங்கள். இரவும் பகலும் அவரைக் கவனிக்கும் தாய்க்குத் தினமும் ஒரு மணி நேரமேனும் ஓய்வு கொடுங்கள். மறதி திடீரென மிகுந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு, நோய்த்தொற்று ஆகியவற்றால் வரும் குழப்பம் சிகிச்சையால் தணியக்கூடியது.

மறுநாள் அம்மாணவனிடம், "நன்னாவின் பக்கத்தில் நின்று நீயும் தொழு, முடிந்ததும் கையைப் பிடித்து முற்றத்துக்கு அழைத்துச் செல்" என்றேன். ஒரு வாரம் கழித்து வந்தவன் சிரிக்கவில்லை.

"நன்னா என் பெயரை மறந்துவிட்டார்கள், ஹஜ்ரத். ஆனால், எனக்காக துஆ செய்தார்கள்."

பெயர் மறந்த உதடுகளிலும் எஞ்சியிருக்கும் அந்த துஆவை நம் பிள்ளைகள் இழந்துவிடலாகாது.