உலக மொழிகளும் பண்பாடுகளும்: அமெரிக்கக் கல்லூரிகளில் தொடக்கநிலைப் படிப்பு

உலக மொழிகளும் பண்பாடுகளும் என்பது, ஆங்கிலம் அல்லாத மொழிகளையும் அவற்றைப் பேசும் மக்களின் வாழ்க்கை முறையையும் சேர்த்துக் கற்பிக்கும் துறைக்கு அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் வழங்கும் பெயர். ஸ்பானியம், பிரெஞ்சு, ஜெர்மன், சீனம், ஜப்பானியம், கொரியம், அரபி, அமெரிக்கச் சைகை மொழி போன்றவை இத்துறையில் கற்பிக்கப்படுகின்றன. சில பல்கலைக்கழகங்களில் தமிழும் உண்டு.

ஒரு மொழியை எழுத்திலிருந்து தொடங்கும் மாணவர் முதலில் சேர்வது தொடக்கநிலைப் படிப்பு. பெரும்பாலும் இரண்டு பருவங்கள் கொண்ட இதைப் பொதுவாக 101, 102 என்ற எண்களால் குறிப்பார்கள். இதில் சேர்வோர் பலர். முடித்தபின் மேல்நிலை வகுப்புகளுக்குச் செல்வோர் சிலரே. பெரும்பாலோருக்கு முதலாண்டே முழுப் படிப்பாகவும் அமைந்துவிடுகிறது. அந்தக் குறுகிய காலத்தில் எதைக் கற்பிப்பது என்பதே இத்துறையின் நெடுங்காலக் கேள்வி.

பெயர்

முன்பு இத்துறைகள் அயல்மொழித் துறை அல்லது நவீன மொழிகள் துறை என்றே அழைக்கப்பட்டன. 'அயல்' என்ற சொல் நாளடைவில் பொருந்தாமல் போயிற்று. அமெரிக்காவில் நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் வீட்டில் ஸ்பானியம் பேசுகிறார்கள். நவஹோ போன்ற பழங்குடி மொழிகள் ஆங்கிலம் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் பேசப்பட்டவை. அமெரிக்கச் சைகை மொழியோ அந்நாட்டிலேயே உருவானது. இவற்றை அயல்மொழி என்பது சரியல்ல என்ற கருத்து வலுத்ததால் 'உலக மொழிகள்' என்ற பெயர் பரவியது. மொழியைத் தனியே இலக்கணமாக மட்டும் பார்க்கக்கூடாது என்பதற்காகப் 'பண்பாடுகள்' என்ற சொல்லும் பல இடங்களில் உடன் சேர்ந்தது.

வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்லூரிகளில் மொழிப் படிப்பு என்றால் இலத்தீனும் கிரேக்கமும்தான். ஹார்வர்டில் 1819இல் ஜார்ஜ் டிக்னர் பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகளுக்கான பேராசிரியராகப் பொறுப்பேற்றது, வாழும் மொழிகளுக்கும் கல்லூரியில் இடம் உண்டு என்பதற்கான தொடக்க அடையாளங்களுள் ஒன்று. அவருக்குப் பின் அந்தப் பதவிக்குக் கவிஞர் லாங்ஃபெலோ வந்தார். ஆனாலும் பழைய செம்மொழிகளைக் கற்பித்த முறையிலேயே புதிய மொழிகளும் கற்பிக்கப்பட்டன. இலக்கண விதியை மனப்பாடம் செய்வது, பாடப்பகுதியை ஆங்கிலத்தில் பெயர்ப்பது என்பதே வகுப்பின் வேலை.

1929இல் வெளியான கோல்மன் அறிக்கை ஒரு நடைமுறை உண்மையிலிருந்து தொடங்கியது. பெரும்பாலான மாணவர் ஒரு மொழியை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் படிப்பதில்லை. அந்தக் காலத்தில் பேச்சுத் திறன் வராது. எனவே வாசிப்பை மட்டும் இலக்காகக் கொள்வோம் என்பது அதன் பரிந்துரை. பேச்சு பின்னுக்குத் தள்ளப்பட்டது.

இரண்டாம் உலகப்போர் இந்த நிலையை மாற்றியது. எதிரி நாட்டினரோடும் நட்பு நாட்டினரோடும் பேசத் தெரிந்தவர்கள் இராணுவத்துக்குத் தேவைப்பட்டார்கள். 1943இல் இராணுவச் சிறப்புப் பயிற்சித் திட்டத்தின்கீழ் படைவீரர்கள் கல்லூரிகளுக்கு அனுப்பப்பட்டனர். சிறு குழுக்களாக அமர்ந்து, அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவரின் பேச்சைக் கேட்டு, திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினர். மொழி பேசப்படும் நாட்டின் நிலவியல், வரலாறு, பழக்கவழக்கங்களும் அவர்களுக்குச் சொல்லித்தரப்பட்டன. கேட்டுப் பேசும் முறை எனப் பின்னர் வகுப்பறைகளில் பரவிய கற்பித்தலுக்கு இந்தப் பயிற்சியும் ஒரு முன்னோடி.

1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. அறிவியலில் பின்தங்கிவிட்டோமோ என்ற அச்சத்தில் அமெரிக்க அரசு 1958இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் ஆறாம் பிரிவு, அதிகம் கற்பிக்கப்படாத மொழிகளுக்கும் அவை வழங்கும் பகுதிகளைப் பற்றிய ஆய்வுக்கும் நிதி அளித்தது. தெற்காசிய ஆய்வு மையங்கள் வளர இந்த நிதி துணைநின்றது. சிகாகோ, பென்சில்வேனியா, பெர்க்லி போன்ற இடங்களில் தமிழ் கற்பிக்கப்பட்டதும் தெற்காசியவியல் பெற்ற இந்த வளர்ச்சியின் ஒரு பகுதியே. 1962இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஏ. கே. ராமானுஜன் அங்கே பல ஆண்டுகள் பணியாற்றினார்.

முதலாண்டின் அமைப்பு

பல கல்லூரிகளில் இளங்கலைப் பட்டத்துக்கு இரண்டு முதல் நான்கு பருவங்கள் வரை ஒரு மொழி கட்டாயம். மாணவர் சேரும்போது தரம் அறியும் தேர்வு நடக்கும். பள்ளியிலேயே அந்த மொழியைப் படித்தவர் அதற்கேற்ற வகுப்பில் சேர்க்கப்படுவார். தெரியாதவர் 101இல் தொடங்குவார்.

வகுப்பு வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து மணி நேரம் நடக்கும். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளுதல், குடும்பம், உணவு, நேரம், கடைவீதி, பயணம் என அன்றாடச் சூழல்களைச் சுற்றிப் பாடங்கள் அமையும். எழுதும் தேர்வோடு, ஆசிரியரோடோ சக மாணவரோடோ உரையாடிக் காட்டும் வாய்மொழித் தேர்வும் உண்டு.

திறனை அளக்க அமெரிக்க அயல்மொழிக் கற்பித்தல் மன்றம் வகுத்த அளவுகோல் பெரிதும் பயன்படுகிறது. அதில் ஐந்து பெருநிலைகள் உள்ளன. தொடக்க நிலையில் இருப்பவர் மனப்பாடம் செய்த சொற்களையும் தொடர்களையும் பயன்படுத்துவார். இடைநிலையில் இருப்பவர் தாமே வாக்கியம் அமைத்து, எளிய கேள்வி கேட்டு, பதிலும் சொல்வார். உயர்நிலையை எட்டியவர் நடந்ததை, நடப்பதை, நடக்கப்போவதைக் கோவையாக விவரிப்பார். மேனிலையில் உள்ளவர் கருத்தை நிலைநாட்டி வாதிட வல்லவர். அதற்கும் மேலானது சிறப்பு நிலை. ஸ்பானியம் போன்ற மொழியில் ஓராண்டு படித்தவர் பொதுவாகத் தொடக்க நிலையின் மேற்படியிலோ இடைநிலையின் முதற்படியிலோ இருப்பார்.

எவ்வளவு காலம் தேவை?

ஆங்கிலம் பேசுவோர் ஒரு மொழியைப் பணிக்குப் போதுமான அளவு கற்க ஆகும் காலத்தை, அமெரிக்கத் தூதரக அலுவலர்களுக்கு மொழி கற்பிக்கும் அரசுப் பயிற்சிக் கழகம் தன் அனுபவத்திலிருந்து கணித்துள்ளது. ஸ்பானியம், இத்தாலியம் போன்றவற்றுக்கு 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் ஆகும். தமிழ், இந்தி, ரஷ்யம் போன்றவற்றுக்குச் சுமார் 1100 மணி நேரம். அரபி, சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகியவற்றுக்குச் சுமார் 2200 மணி நேரம். வகுப்புக்கு வெளியே தானாகப் படிக்கும் நேரம் இதில் சேராது.

கல்லூரி வகுப்பு வாரம் ஐந்து மணி நேரம் என்றே வைத்துக்கொண்டாலும், பருவத்துக்கு 15 வாரம், ஆண்டுக்கு இரண்டு பருவம் என்றால் 150 மணி நேரம்தான் கிடைக்கும். அதே வேகத்தில் சென்றால் ஸ்பானியத்துக்கு நான்கைந்து ஆண்டு, தமிழுக்கு ஏழு ஆண்டுக்கு மேல், ஜப்பானியத்துக்கு ஏறத்தாழ 15 ஆண்டு ஆகும். முதலாண்டு முடிவில் சரளமாகப் பேசவில்லையே என்று மனம் தளரும் மாணவர்கள் உண்டு. அது அவர்கள் குறை அல்ல. நேரக் கணக்கு அப்படி. வெளிநாட்டில் தங்கிப் படிக்கும் பருவம், கோடைக்காலத் தீவிர வகுப்பு, அந்த மொழி பேசுவோரோடு கூடிப் பேசும் உரையாடல் மேசை ஆகியவை இந்தக் குறையை ஈடுசெய்யவே ஏற்பட்டவை.

பண்பாடு எங்கே தொடங்குகிறது?

பழைய பாடநூல்களில் பண்பாடு என்பது பாடத்தின் இறுதியில் வரும் ஒரு கட்டம். திருவிழா, உணவு, புகழ்பெற்ற கட்டடம் பற்றிய சிறு குறிப்பு அதில் இருக்கும். நேரம் போதவில்லை என்றால் ஆசிரியர் முதலில் விட்டுவிடுவதும் அதைத்தான்.

1996இல் வெளியான தேசிய மொழிக் கல்வித் தர வரையறை இதை மாற்ற முயன்றது. தொடர்பாடல், பண்பாடுகள், பிற பாடங்களோடு இணைப்பு, ஒப்பீடு, சமூகங்கள் என ஐந்து இலக்குகளை அது முன்வைத்தது. பண்பாட்டை மூன்று கூறுகளாகப் பார்க்கச் சொன்னது: மக்கள் உண்டாக்கும் பொருள்கள், அவர்களின் நடைமுறைகள், இவற்றுக்கு அடியில் இருக்கும் கண்ணோட்டம். மெக்சிகோவின் இறந்தோர் நாளை எடுத்துக்கொண்டால், படையல் மேடையும் அதில் வைக்கும் சாமந்தி வகைப் பூவும் ரொட்டியும் பொருள்கள். கல்லறைக்குச் சென்று விளக்கேற்றுவது நடைமுறை. இறந்தவர் அன்று வீடு தேடி வருகிறார் என்ற நம்பிக்கை கண்ணோட்டம். முன்னோருக்குப் படையல் இடும் தமிழ் வீடுகளில் வளர்ந்தவருக்கு இது எளிதில் விளங்கும்.

உண்மையில் பண்பாடு முதல் வாரத்திலேயே வகுப்புக்குள் வந்துவிடுகிறது. ஸ்பானியத்தில் ஒருவரைப் பார்த்து 'நலமா' என்று கேட்பதற்கே, அவர் நெருக்கமானவரா மரியாதைக்குரியவரா என்று முடிவு செய்தாக வேண்டும். கொரியத்தில் வயதும் உறவும் தெரியாமல் வினைமுற்றை முடிக்க இயலாது. அரபி மாணவர் எழுத்து வழக்கு ஒன்று, கெய்ரோவிலோ பெய்ரூட்டிலோ பேசும் வழக்கு வேறு என்பதைத் தொடக்கத்திலேயே அறிகிறார். சைகை மொழி வகுப்பில் பேசுபவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதும், கையசைத்தோ தோளைத் தொட்டோ ஒருவரை அழைப்பதும் பாடத்தின் பகுதி.

தமிழ் வகுப்பிலும் இதே நிலைதான். நீ, நீங்கள் என்ற வேறுபாடு முதல் உரையாடலிலேயே வேண்டும். விடைபெறும்போது 'போகிறேன்' என்று மட்டும் சொல்வது இலக்கணப்படி பிழையற்றது. ஆனால் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். 'போயிட்டு வரேன்' என்று சொல்லக் கற்கும் மாணவர் ஒரு தொடரோடு, திரும்பி வருவதைச் சொல்லாமல் கிளம்பக்கூடாது என்ற வழக்கத்தையும் சேர்த்தே கற்கிறார். இரண்டையும் பிரித்துக் கற்பிக்க வழியில்லை.

இரண்டு அடுக்குச் சிக்கல்

நவீன மொழிகள் சங்கம் 2007இல் வெளியிட்ட அறிக்கை துறைகளின் உள்ளமைப்பையே குறை கூறியது. கீழ் வகுப்புகளில் மொழி, மேல் வகுப்புகளில் இலக்கியம் என்று படிப்பு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. தொடக்க வகுப்புகளைப் பெரும்பாலும் நிரந்தரப் பணி இல்லாத விரிவுரையாளர்களும் ஆய்வு மாணவர்களும் நடத்துகிறார்கள். பேராசிரியர்கள் இலக்கிய வகுப்புகளில் இருக்கிறார்கள். இதனால் கீழே இருப்போருக்குச் சிந்திக்க வேண்டிய பொருள் கிடைப்பதில்லை. மேலே செல்வோருக்கு மொழிப் பயிற்சி போதுவதில்லை. மொழி, பண்பாடு, இலக்கியம் மூன்றும் முதலாண்டு முதலே ஒரே தொடர்ச்சியாக அமைய வேண்டும் என்று அறிக்கை பரிந்துரைத்தது. தாய்மொழியாளரைப் போலப் பேசுவது இலக்கு அல்ல. இரண்டு மொழிகளுக்கும் இரண்டு பண்பாடுகளுக்கும் நடுவே நின்று செயல்படும் திறனே இலக்கு என்றும் அது கூறியது.

மரபுமொழி மாணவர்கள்

தொடக்க வகுப்பில் இருப்போர் எல்லாரும் ஒரே தொடக்கத்தில் இருப்பதில்லை. வீட்டில் பெற்றோர் பேசக் கேட்டு வளர்ந்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களை மரபுமொழி மாணவர்கள் என்பர். அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இவ்வகையினர். 'சாப்ட்டியா' என்று கேட்டால் உடனே விளங்கும்; 'சாப்பிட்டாயா' என்று எழுதியிருந்தால் எழுத்துக்கூட்ட வேண்டும். மொழியே தெரியாத மாணவருக்கோ எழுத்து, பேச்சு இரண்டுமே புதியவை. இந்த இரு பிரிவினரும் ஒரே வகுப்பில் அமரும்போது ஆசிரியரின் பணி கடினமாகிறது. ஸ்பானியத்துக்குப் பல கல்லூரிகளில் மரபுமொழியாளர்க்கெனத் தனி வகுப்பு உண்டு. மாணவர் எண்ணிக்கை குறைந்த மொழிகளில் அதற்கு வாய்ப்புக் குறைவு. தமிழின் பேச்சு வழக்கைத் தனியாக விளக்கும் நூல்கள் இங்கே உதவுகின்றன. பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹரால்டு ஷிஃப்மன் எழுதிய பேச்சுத் தமிழ் இலக்கண நூல் 1999இல் வெளிவந்தது.

இன்றைய நிலை

நவீன மொழிகள் சங்கத்தின் கணக்கெடுப்பின்படி, 2016 முதல் 2021 வரையான ஐந்தாண்டுகளில் அமெரிக்கக் கல்லூரிகளில் ஆங்கிலம் அல்லாத மொழிகளில் சேர்ந்தோர் எண்ணிக்கை 16.6 விழுக்காடு குறைந்தது. அதே காலத்தில் கொரியத்தில் சேர்ந்தோர் 38 விழுக்காட்டுக்கு மேல் கூடினர். கொரியப் பாடல்களும் தொலைக்காட்சித் தொடர்களும் இந்த ஆர்வத்துக்குக் காரணமாகப் பலராலும் சுட்டப்படுகின்றன. அவ்வகையில் பலர் பண்பாட்டின் வழியே மொழிக்கு வருகிறார்கள்.

2023இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம், சுமார் 4.5 கோடி டாலர் பற்றாக்குறையைக் காரணம் காட்டி, தன் உலக மொழிகள் துறையையே மூட முன்வந்தது. மாணவர்களும் ஆசிரியர்களும் எதிர்ப்புத் தெரிவித்தபின் ஸ்பானியத்துக்கும் சீனத்துக்கும் சில ஆசிரியர் பணியிடங்கள் மட்டும் தக்கவைக்கப்பட்டன. மொழிகளைக் கைப்பேசிச் செயலியில் கற்கலாம், மொழிபெயர்க்க இயந்திரம் இருக்கிறது என்ற வாதங்களும் இத்தகைய விவாதங்களில் எழுகின்றன.

ஒரு தொடருக்குப் பொருள் என்ன என்பதற்கு இயந்திரம் பெரும்பாலும் விடை தந்துவிடும். அந்தத் தொடரை யாரிடம், எப்போது சொல்லலாம், எப்போது சொல்லாமல் இருப்பதே முறை என்பதை மாணவர் ஆசிரியரோடும் சக மாணவரோடும் பேசித் தடுமாறித் திருத்திக்கொண்டுதான் அறிகிறார். ஒரு துறை மூடப்படும்போது மாணவருக்கு முதலில் இல்லாமல் போவது இந்தப் பழக்கத்துக்கு இடம் தரும் 101 வகுப்பு. மேல்நிலை வகுப்புகளுக்கு மாணவர் வருவதும் அந்த வகுப்பின் வழியேதான்.