மூடாத கல்லூரியை விட்டு வெளியேறுவது எப்படி?

பொறியியல் கலந்தாய்வுக்கான கல்லூரிப் பட்டியல் வெளியாகும்போதெல்லாம், அதில் இல்லாத பெயர்களைப் பற்றித்தான் வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வருகின்றன. பிள்ளை இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிறான், போன வருடம் வரை பட்டியலில் இருந்த கல்லூரியை இந்த வருடம் காணோம், பிரின்சிபாலைக் கேட்டால் "ஒன்றும் பிரச்சினை இல்லை" என்கிறார், கல்லூரி மூடிவிட்டதா இல்லையா என்ற ரீதியில் இருக்கும் அவை. பதிலுக்குக் காத்திருக்க அவகாசமும் கிடையாது. ஒற்றைப்படை செமஸ்டர் வகுப்புகள் தொடங்கிவிட்டால் வருகைப்பதிவு ஓட ஆரம்பித்துவிடும். தேர்வெழுத 75 சதவீத வருகை வேண்டும் என்பதால், ஆகஸ்டில் மாறுதல் கேட்பவரை எந்தக் கல்லூரியும் தயக்கத்தோடுதான் பார்க்கும். ஆகவே சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடலாம். கல்லூரி மூடிவிட்டதா என்று கேட்பதால் பெரிய பயனில்லை. எந்த வகையில் மூடுகிறார்கள் என்று கேட்க வேண்டும். மாணவரின் உரிமை முழுவதும் அந்த விடையில்தான் தொங்குகிறது.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) விதிகளில் இரண்டு வகை மூடல் உண்டு. ஒன்று முழு மூடல். நிர்வாகம் மாநில அரசிடமும் பல்கலைக்கழகத்திடமும் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களை வேறு கல்லூரிகளில் அமர்த்தும் ஏற்பாடும் நடக்க வேண்டும். மற்றொன்று படிப்படியான மூடல். புதிய சேர்க்கையை நிறுத்திவிட்டு, இருக்கும் மாணவர்கள் படித்து முடிக்கும்வரை கல்லூரியை நடத்துவது. இந்த இரண்டாவது வகையைத்தான் அதிகாரிகள் "மாணவர் நலன் பாதிக்கப்படாத ஏற்பாடு" என்று விவரிப்பது வழக்கம். அந்த விவரிப்பை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

காரணம், இந்த ஏற்பாட்டின் உள்ளே ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. முழு மூடலில் மாணவர்களை இடம் மாற்றுவது பல்கலைக்கழகத்தின் தலையிலும் அரசின் தலையிலும் விழும் கடமை. படிப்படியான மூடலில், காகிதத்தின்படி கல்லூரி இயங்கிக்கொண்டிருக்கிறது. எனவே வெளியேற நினைக்கும் மாணவர், சொந்த விருப்பத்தில் கல்லூரி மாற விரும்பும் தனிநபராகிவிடுகிறார். விண்ணப்பத்தை அவரே போட வேண்டும், இடம் தரச் சம்மதிக்கும் கல்லூரியை அவரே தேட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் கல்லூரியை விட்டு ஓட நினைக்கிறாரோ அதே கல்லூரியிடம் தடையில்லாச் சான்று கேட்டு நிற்க வேண்டும். கடமையாக இருந்தது சலுகையாகச் சுருங்கி, அந்தச் சலுகையின் சாவியும் நிர்வாகத்தின் கைக்குப் போய்விடுகிறது. நிர்வாகத்தின் கணக்கோ எளிது. மிச்சமிருக்கும் ஒவ்வொரு மாணவரும் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுக் கட்டணம். முதல் பட்டதாரி சலுகை, ஆதிதிராவிடர் உதவித்தொகை போன்றவற்றில் அரசு செலுத்தும் பணமும் அதில் சேர்த்தி. புதிதாக யாரையும் சேர்க்கப்போவதில்லை என்பதால் ஊரில் பெயர் கெடுமே என்ற பயமும் இல்லை. பெயருக்குப் பயப்படத் தேவையில்லாத ஒரு நிர்வாகத்தை நல்ல ஆய்வகம் வைக்கச் செய்வது எது? விதிப்புத்தகத்தில் எனக்குத் தெரிந்தவரை பல்கலைக்கழக ஆய்வு ஒன்றுதான்.

பாதிப்பு எங்கே விழும் என்பதை மதிப்பெண்ணில் பார்க்கலாம். இணைப்புக் கல்லூரியில் படித்தாலும் பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்துடையது, அதனால் பட்டம் செல்லுமா என்ற கவலை வேண்டாம் என்று பலரும் ஆறுதல் சொல்வார்கள். பட்டத்தைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. ஆனால் 2021 ரெகுலேஷனில் எழுத்துத் தாள் ஒன்றுக்கு 100-ல் 40 இன்டர்னல். ஆய்வகத் தாளில் 60. இந்த மதிப்பெண்களைப் போடுவது கல்லூரி. பாதி செமஸ்டரில் ஆசிரியர் வேறு வேலைக்குப் போய்விட்டால், யாரோ ஒருவர் கடைசி வாரத்தில் உட்கார்ந்து எண்களை நிரப்புவார். இன்டர்னலில் 15 மட்டும் விழுந்த மாணவர், தேர்ச்சிக்கான 50-ஐத் தொட 60-க்கு 35 எடுத்தாக வேண்டும். 35 விழுந்திருந்தால் பல்கலைக்கழகத் தேர்வின் குறைந்தபட்சத்தைத் தாண்டினாலே போதும். பாடமே நடக்காத வகுப்பில் இந்த வித்தியாசம் ஒரு அரியர். நான்கு தாளில் நான்கு அரியர். கேம்பஸ் தேர்வுக்கு வரும் நிறுவனங்கள் நிலுவை அரியர் இருப்பவரை முதல் வடிகட்டலிலேயே ஒதுக்கிவிடும். அதுவும் சேர்க்கை நின்றுபோன கல்லூரிக்கு நிறுவனங்கள் வந்தால்தான்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. திடீரென்று பூட்டுப் போட்டு நூற்றுக்கணக்கானவர்களைத் தெருவில் நிறுத்துவதைவிட, மெல்ல மெல்ல இறக்குவது மேல் அல்லவா? இறுதியாண்டு மாணவருக்கு மேல்தான். மறுக்கவில்லை. புது இடத்துக்குப் போய், புராஜெக்ட் வழிகாட்டி தேடி, விடுதி தேடி அலைவதைவிட இருக்கும் இடத்தில் முடித்துக்கொள்வது அவருக்கு நல்லது. இரண்டாம் ஆண்டு மாணவருக்கு அதே நியாயம் எப்படிப் பொருந்தும்? கடைசி அணியாக நிற்பவர் அவர்தான். மேலே இருப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வெளியேற, பேருந்து நிற்கும், கேன்டீன் மூடும், நூலகர் போய்விடுவார். ஏற்பாட்டை ஒழிக்கச் சொல்லவில்லை. சேர்க்கை நின்ற நாளிலிருந்து, கல்லூரியின் தடையில்லாச் சான்று இல்லாமலேயே வெளியேறும் உரிமையை மாணவருக்குக் கொடுங்கள் என்பதே என் வாதம். இருப்பதும் போவதும் அவர் விருப்பமாக இருந்தால்தான் நிர்வாகம் வகுப்பை நடத்தும்.

பல்கலைக்கழகம்தான் ஆண்டுதோறும் ஆய்வு செய்கிறதே என்பது இரண்டாவது மறுப்பு. அந்த ஆய்வின் லட்சணத்தை 2024 ஜூலையில் பார்த்தோம். 2023-24ஆம் கல்வியாண்டில் 224 பொறியியல் கல்லூரிகளில் 353 பேர், ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்ததை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அம்பலப்படுத்தியது. முறைகேடு நடந்திருக்கிறது என்பதைப் பல்கலைக்கழகமும் பிறகு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. இயங்கும் கல்லூரியில், அதுவும் புதிய மாணவரை ஈர்க்க வேண்டிய கல்லூரியில், ஆசிரியரே காகிதத்தில்தான் இருந்தார் என்றால், இறங்குமுகத்தில் இருக்கும் கல்லூரியின் காகிதத்தை எதை நம்பி ஏற்பது? "விசாரித்துத்தான் சேர்ந்திருக்க வேண்டும்" என்று மாணவரைக் குறை சொல்பவர்களுக்கும் இதுவே பதில். ஏஐசிடிஇ ஒப்புதல், பல்கலைக்கழக இணைப்பு, அரசுக் கலந்தாய்வு என்று மூன்று முத்திரை குத்திய பட்டியலிலிருந்துதான் அந்தப் பிள்ளை தேர்ந்தெடுத்தது. அதற்கு மேல் ஒரு பதினேழு வயதுப் பிள்ளை என்ன விசாரிக்கும்?

இந்தக் கேள்விகள் குறையப்போவதும் இல்லை. நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கான இட உச்சவரம்பை 2024-25 முதல் ஏஐசிடிஇ நீக்கிவிட்டது. பெரிய கல்லூரிகள் கம்ப்யூட்டர் சயின்ஸில் பிரிவுமேல் பிரிவு சேர்க்க, அந்த இடங்களுக்கான மாணவர்கள் சிறிய கல்லூரிகளிலிருந்துதான் உருவப்படுகிறார்கள். காத்திருந்தால் அரசு தானாகப் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கும் பழைய அனுபவம் இடம் தரவில்லை. சின்னசேலம் அருகே இருந்த தனியார் இயற்கை மருத்துவக் கல்லூரியின் மாணவிகள் வசதியின்மை பற்றியும் கட்டணம் பற்றியும் போராடிக்கொண்டிருந்தார்கள். 2016 ஜனவரியில் அவர்களில் மூவர் கிணற்றில் இறந்து கிடந்த பிறகே அந்தக் கல்லூரிக்குச் சீல் விழுந்தது.

ஆகவே இப்போது செய்ய வேண்டியவை. கல்லூரிக்கு ஏஐசிடிஇ தரும் ஒப்புதல் நீட்டிப்புக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். பாடப்பிரிவுவாரியாக அனுமதிக்கப்பட்ட இடங்கள் அதில் இருக்கும். உங்கள் பிரிவு மட்டும் நின்றிருக்கிறதா, கல்லூரியே நிற்கிறதா என்பது அங்கே தெரியும். தர மறுத்தால், தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு பல்கலைக்கழகத்திடமும் ஏஐசிடிஇயிடமும் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் ஆகும் என்பதால் இன்றே போடுங்கள். அடுத்து, மாறுதலைத் தனியாகக் கேட்காதீர்கள். ஒரு வகுப்பே கையெழுத்திட்டு, எந்தத் தாளுக்கு ஆசிரியர் இல்லை, எந்த ஆய்வகம் எத்தனை வாரமாகத் திறக்கவில்லை என்று தேதியோடு எழுதி, பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் தொழில்நுட்பக் கல்வி இயக்குநருக்கும் ஒப்புகையுடன் அனுப்புங்கள். தனி மனு என்றால் கோப்பில் அது "விருப்ப மாறுதல்". கூட்டு மனு, கல்லூரி நடக்கவில்லை என்பதற்கான சாட்சியம். நாளை உயர் நீதிமன்றத்தில் ரிட் போட நேர்ந்தால் முதல் இணைப்பு ஆவணம் அதுதான். தேடும் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி என்றால் சிலபஸ் வேறு. விட்டுப்போன தாள்களைக் கூடுதலாக எழுத வேண்டியிருக்கும் என்பதால் தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரியையே முதலில் பாருங்கள்.

கடிதங்களில் வந்த மற்றவை சுருக்கமாக. அசல் சான்றிதழைத் தர மறுக்கிறார்களா? அதை வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை என்று 2018-லேயே யுஜிசி அறிவித்துவிட்டது, எழுத்தில் கேளுங்கள். கிரெடிட் எல்லாம் அகாடமிக் பேங்க்கில் பத்திரமாக இருக்கிறதாமே? இருக்கும், ஆனால் அது உங்களுக்கு இடம் தேடித் தராது. முதல் பட்டதாரி சலுகை போய்விடுமா? கலந்தாய்வு ஒதுக்கீட்டு ஆணையின் நகலை விடாதீர்கள், புதிய கல்லூரியில் முதலில் கேட்பது அதுதான். கல்விக்கடன் தள்ளுபடியாகுமா? அமெரிக்காவில் 2016-ல் ஐடிடி டெக் என்ற கல்வி நிறுவனம் மூடியபோது கூட்டாட்சி அரசின் கடனை ரத்து செய்ய வழி இருந்தது. இங்கே இல்லை. படிப்பு நீண்டால் திருப்பிச் செலுத்துவதற்கான அவகாசத்தை நீட்டிக்க வங்கிக்கு அதிகாரம் உண்டு, மேலாளருக்கு இப்போதே எழுதுங்கள். நுகர்வோர் நீதிமன்றம்? கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 ஜனவரியில் சொன்னது. அதன் மீதான மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு அக்டோபரில் விசாரணைக்கு ஏற்றது. அந்த வழக்கை நம்பி மற்ற வழிகளைத் தள்ளிப்போடாதீர்கள். கல்லூரி பூட்டிய பிறகு அரியரை எங்கே எழுதுவது? தேர்வை நடத்துவது பல்கலைக்கழகம், மையத்தைச் சொல்ல வேண்டியது தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம். விண்ணப்பத் தேதி கடக்கும் முன் பதிவெண்ணோடு அங்கே எழுதிவிடுங்கள்.