தரைக்கு மேல் ஒரு தரை: குத்தகை எடுக்கும் முன் நம்மவர்கள் அறிய வேண்டியவை

சுபாங் ஜெயா – அலுவலகத்தில் நடக்கும்போது காலடியில் ‘டொக் டொக்’ என்று வெற்றிட ஓசை கேட்கிறதா? நீங்கள் நிற்பது கான்கிரீட்டின் மேல் அல்ல. அதற்கு மேல் இரும்புக் கால்களில் நிற்கும் இன்னொரு தரையின் மேல். ‘ரேய்ஸ்டு ஃப்ளோர்’ என்று வேலையிடத்தில் சொல்வது இதைத்தான்.

சீபீல்ட் தோட்டமாக இருந்த நிலத்தில்தான் 1970களில் சுபாங் ஜெயா உருவாகத் தொடங்கியது. தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் இன்று வயரிங், ஏர்கோன், கார்ப்பெட் வேலைகளைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறார்கள். அவர்களுக்கு இந்தத் தரை வேலையும் கிடைக்கிறது. பார்க்க எளிதாகத் தெரியும். ஆனால் கணக்கில் ஒரு பிழை வந்தால் இலாபம் முழுவதும் தரைக்கடியில் போய்விடும்.

எதற்காக இந்தத் தரை?

பெரிய கணினிகள் வைத்த அறைகளுக்காகப் பரவிய முறை இது. 600 மில்லிமீட்டர் சதுரப் பேனல்கள், அதாவது ஏறக்குறைய இரண்டடிச் சதுரங்கள், நான்கு மூலையிலும் உயரம் திருத்தக்கூடிய கால்களின் மேல் அமர்கின்றன. அடியில் உள்ள இடைவெளியில் மின்கம்பியும் கணினிக் கம்பியும் ஓடும். தரவு மையங்களில் அதே இடைவெளி வழியாகக் குளிர்காற்று வந்து, துளையிட்ட பேனல்களில் மேலே எழும். 1997இல் தொடங்கப்பட்ட சைபர்ஜெயா இன்று தரவு மையங்களுக்குப் பெயர்பெற்ற இடம். ஆனாலும் புதிய மையங்கள் பலவற்றில் கம்பிகளை மேலே தொங்கவிட்டு, இயந்திரங்களைக் கான்கிரீட்டிலேயே நிறுத்துகிறார்கள். எனவே ‘கணினி அறை என்றால் இந்தத் தரைதான்’ என்று முடிவு செய்துவிட வேண்டாம். வாடிக்கையாளரின் தேவையை முதலில் கேளுங்கள்.

உயரம்

கம்பிகளுக்கு மட்டும் என்றால் 100 முதல் 150 மில்லிமீட்டர் பெரும்பாலும் போதும். குளிர்காற்று ஓட வேண்டுமானால் அதைவிடப் பல மடங்கு தேவை. தரை உயர்ந்தால் கூரைக்கு உள்ள உயரம் குறையும், கதவின் அடிப்பகுதி தட்டும், வாசலில் புதிய படி வரும். சக்கர நாற்காலிக்கான சரிவு 1க்கு 12 என்ற கணக்கில் இருக்க வேண்டும். அதன்படி 150 மில்லிமீட்டர் உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளச் சரிவு தேவை. எஸ்எஸ் 15 போன்ற இடங்களின் கடைவீடுகளில் அந்த 1.8 மீட்டரே ஒரு மேசைக்கான இடம். இதை விலை சொல்லும் முன்பே வாடிக்கையாளரிடம் பேசிவிட வேண்டும்.

எண்ணிக்கையும் எடையும்

10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் உள்ள அறையை எடுத்துக்கொள்வோம். பரப்பை மட்டும் வகுத்தால் 167 பேனல் வரும். ஆனால் நீளவாக்கில் 17, அகலவாக்கில் 10 என்று வைக்க வேண்டியிருப்பதால் உண்மையில் தேவை 170. கால்கள் 18 பெருக்கல் 11, அதாவது 198. பரப்பை மட்டும் பார்த்து 167 கால் வாங்கியவருக்கு 31 கால் குறையும். இதற்கு மேல் வெட்டும்போது வீணாகும் பேனலுக்கும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

ஒரு பேனல் 15 கிலோ என்றால் 170 பேனல் 2,550 கிலோ. மின்தூக்கி இல்லாத கடைவீட்டில் இவ்வளவையும் மாடிக்கு ஏற்றும் கூலியை யார் கொடுப்பது? ஏற்றிய பின் எங்கே அடுக்குவது? அலுவலக மாடிகள் பொதுவாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ என்ற கணக்கில் வடிவமைக்கப்படுகின்றன. இருபது பேனலை ஒரே அடுக்காக வைத்தால் 300 கிலோ. அது அமரும் இடம் 0.36 சதுர மீட்டர்தான். ஆகவே அறை முழுதும் பரப்பி வையுங்கள். தரை, தளவாடம், இயந்திரம் எல்லாம் சேர்ந்த எடையை மாடி தாங்குமா என்பதைப் பொறியாளர் உறுதிப்படுத்த வேண்டும்.

எந்த எண்ணைப் பார்ப்பது?

விலைப் பட்டியலில் இரண்டு வகை எண் இருக்கும். ஒன்று பேனல் உடையும் சுமை. மற்றொன்று பயன்பாட்டுச் சுமை. ஐரோப்பியத் தரமான இஎன் 12825 சோதனையில் 25 மில்லிமீட்டர் சதுர இரும்பால் பேனலை அழுத்துகிறார்கள். 9 கிலோநியூட்டனில் உடையும் பேனலைப் பாதுகாப்புக் காரணி 2 என்று வகுத்தால், பயன்படுத்தத்தக்கது 4.5 கிலோநியூட்டன், சுமார் 450 கிலோ மட்டுமே. உடையும் சுமையைப் பயன்பாட்டுச் சுமை என்று நினைத்து வாங்கினால் தவறு உங்கள் தலையில் விழும்.

பொருத்தும்போது

முதலில் லேசர் லெவல் வைத்துக் கான்கிரீட்டின் மிக உயர்ந்த புள்ளியைக் கண்டுபிடியுங்கள். அந்த இடத்திலும் கால் பொருந்த வேண்டும் என்பதால் தரையின் உயரம் அதைக் கொண்டே தீர்மானமாகும். அடுத்து, சுவரோரத்தில் மெல்லிய துண்டுகள் வராதபடி கோடுகளைப் பிரியுங்கள். மூலை நேரா என்பதை 3-4-5 அளவில் சோதியுங்கள். கான்கிரீட்டைத் தூசு போகத் துடைத்த பிறகே கால்களை ஒட்ட வேண்டும். மின்கம்பியும் கணினிக் கம்பியும் தனித்தனிப் பாதையில் போகட்டும். இரும்புக் கால்களுக்கு எர்த் இணைப்பை மின் பணியாளர் தர வேண்டும்.

கீழ்த்தளமானால் வெள்ளத்தையும் நினையுங்கள். 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை நாம் மறக்கவில்லை. தரைக்கடியில் புகுந்த நீர் எளிதில் காயாது. மரத்தூள் பலகைப் பேனல் ஊறிப்போகும். ஏர்கோன் ஒழுகலும் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் தேங்கும்.

உயிருக்குப் பாதுகாப்பு

குறுக்குச் சட்டம் இல்லாத தரையில் கால்கள் சாயாமல் பிடித்திருப்பவை பேனல்கள்தான். பழுது பார்க்க ஒரு வரிசை முழுவதையும் கழற்றினால் மீதித் தரை ஆட்டம் காணலாம். தேவையான சிலவற்றை மட்டும், கண்ணாடி தூக்கும் உறிஞ்சுபிடி கொண்டு எடுங்கள். திறந்த குழியை வேலியில்லாமல் விட்டுப் போகாதீர்கள். திருத்தப்பட்ட 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. இரண்டு பேர் வைத்து வேலை செய்பவரும் இதில் அடக்கம்.

பணம் கைக்கு வர

கட்டுமான வேலை எடுப்பவர் சிஐடிபியில் பதிந்திருக்க வேண்டும். அதோடு ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். ‘அண்ணன் தம்பிபோலப் பழகினோம், வாய்ச்சொல் போதும்’ என்று வேலையை முடித்துவிட்டுப் பணத்துக்கு அலைவோர் நம்மிடையே உண்டு. 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் உள்ள 2012ஆம் ஆண்டு கட்டுமானத் தொழில் கட்டணம், தீர்ப்புச் சட்டம் எழுத்துபூர்வ ஒப்பந்தங்களுக்கே துணை நிற்கும். ‘எனக்கு மேலிருந்து பணம் வந்தால்தான் உனக்குத் தருவேன்’ என்ற நிபந்தனை அச்சட்டத்தின்படி செல்லாது.

அளவு, பேனல் வகை, பயன்பாட்டுச் சுமை, தூக்குக் கூலி, பணம் தரும் நாள் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட அரை மணி நேரம் போதும். அதை முடித்த பிறகு முதல் காலை ஒட்டுங்கள்.