பரிமாற்ற மாணவராக வெளிநாட்டில் ஒரு பருவம்: பள்ளியிலேயே தெரிந்துகொள்ள வேண்டியவை

படிவம் 5, படிவம் 6 மாணவர்களிடம் வெளிநாட்டுப் படிப்பைப் பற்றிப் பேசினால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். "அதெல்லாம் காசு உள்ளவங்களுக்கு, டீச்சர்" என்பது ஒன்று. "எல்லாப் பாடத்துலயும் ஏ எடுத்தாத்தான் உண்டு" என்பது மற்றொன்று. மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பட்டப்படிப்பின் நடுவே ஒரே ஒரு பருவத்தை, அதாவது ஒரு செமஸ்டரை, வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பி வருவது. இதுதான் மாணவர் பரிமாற்றத் திட்டம்.

இப்படி ஒரு வழி இருப்பது சிலருக்கு மூன்றாம் ஆண்டில்தான் தெரிய வருகிறது. அதற்குள் வெளிநாட்டில் எடுத்திருக்கக்கூடிய பாடங்களை இங்கேயே முடித்திருப்பார்கள். விண்ணப்ப நாளும் கடந்திருக்கும். ஆகவே, பள்ளியை விட்டுப் போகும் முன்பே மாணவர்களின் காதில் இதைப் போட்டு வைப்பது நல்லது. விளக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: மலேசியப் பொதுப் பல்கலைக்கழக மாணவி ஒருவர் ஜெர்மனிக்கு ஒரு பருவம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

1. சொல்லிலேயே பொருள் இருக்கிறது

பரிமாற்றம் என்றால் கொடுத்து வாங்குவது. இங்கிருந்து ஒரு மாணவர் அங்கே போகிறார். அங்கிருந்து ஒருவர் இங்கே வருகிறார். இரண்டு பல்கலைக்கழகங்களும் இதற்காக முன்கூட்டியே ஒப்பந்தம் செய்திருக்கும். இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகள் தாமாகவே விளங்கிவிடும்.

கல்விக் கட்டணத்தை எங்கே கட்ட வேண்டும்? இங்கே, தாய்ப் பல்கலைக்கழகத்தில். அங்கிருந்து வருபவர் அவருடைய பல்கலைக்கழகத்தில் கட்டிவிட்டு வருகிறார். இடம் ஏன் குறைவு? எத்தனை பேரை வாங்கிக்கொள்கிறார்களோ ஏறக்குறைய அத்தனை பேரைத்தான் அனுப்ப முடியும். பட்டம் யார் தருவார்கள்? தாய்ப் பல்கலைக்கழகம்தான். போன மாணவர் திரும்பி வந்து மீதிப் படிப்பை முடித்தாக வேண்டும்.

ஜெர்மனியில் ஹைடெல்பர்க் பல்கலைக்கழகம் அமைந்துள்ள பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து சொந்தமாகப் படிக்க வருபவர்கள் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ கல்விக் கட்டணம் கட்ட வேண்டும். அதே பல்கலைக்கழகத்துக்கு ஒப்பந்தத்தின் வழி வரும் பரிமாற்ற மாணவருக்கு அந்தக் கட்டணம் இல்லை.

ஐரோப்பாவின் புகழ்பெற்ற பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் 1987இல் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர்களோடு தொடங்கியது. 2015 முதல் ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள பல்கலைக்கழகங்களும் ஒப்பந்தம் இருந்தால் அதில் பங்கு பெறலாம். நம் வட்டாரத்தில் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய மூன்று நாடுகள் 2010இல் தொடங்கிய முன்னோடித் திட்டமே பிறகு 'ஏய்ம்ஸ்' என்ற பெயரில் வளர்ந்தது.

2. "நம்மளால முடியுமா?" – செலவுக் கணக்கு

பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி இது. கல்விக் கட்டணம் கூடாது என்பதால் மீதி உள்ளவை விமானச் சீட்டு, தங்குமிடம், சாப்பாடு, மருத்துவக் காப்புறுதி, விசா. பல ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் பருவ நிதி என்று ஒரு சிறு தொகையும் கட்ட வேண்டியிருக்கும்.

சிறு தொகைகள் அல்ல, மறுப்பதற்கில்லை. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது கையில் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி கேட்கும் கணக்கு மாதத்துக்கு 992 யூரோ. ஐந்து மாதம் என்றால் 4,960 யூரோ. இந்தத் தொகையை முடக்கக் கணக்கு எனப்படும் தனிக் கணக்கில் போட்டு வைப்பது வழக்கம். மாதாமாதம் ஒரு பகுதியைத்தான் எடுக்க முடியும். உபகாரச் சம்பளம் கிடைத்தால் அந்தக் கடிதத்தையும் சான்றாகக் காட்டலாம். எராஸ்மஸ் திட்டத்தில் தேர்வு பெற்றவருக்கு மாத உதவித்தொகையோடு பயண உதவியும் உண்டு.

இவ்வளவு முடியாது என்றால்? பக்கத்து நாட்டைப் பார்க்கலாம். தாய்லாந்துக்கோ இந்தோனேசியாவுக்கோ போகும் பருவமும் பரிமாற்றப் பருவம்தான். விமானச் செலவு குறைவு. தினச் செலவும் நம் ஊர்ச் செலவுக்கு நெருக்கமாகவே இருக்கும். "வெளிநாடுன்னா லண்டன்தான்" என்ற எண்ணத்தை மாணவர்களிடமிருந்து மெல்லக் களைய வேண்டும்.

3. கிரெடிட் கணக்கு: கவனம் தேவைப்படும் இடம்

அங்கே படித்த பாடத்தை இங்கே ஏற்றுக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும்? ஒரு பருவம் கூடுதலாகப் படிக்க வேண்டும். ஒரு பருவக் கட்டணமும் ஆறு மாதச் சம்பளமும் போய்விடும். பிள்ளை எப்போது வேலைக்குப் போகும் என்று காத்திருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய இழப்பு.

மலேசியாவில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு. வகுப்பு, சொந்தப் படிப்பு, ஒப்படைப்பு எல்லாம் அதில் அடங்கும். ஐரோப்பாவில் ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரம். ஒரு பருவத்துக்கு 30 கிரெடிட். அதாவது 750 முதல் 900 மணி நேரம். இதை 40ஆல் வகுத்தால் நம் கணக்கில் சுமார் 19 முதல் 22 கிரெடிட் வரும். நம்முடைய 3 கிரெடிட் பாடம் 120 மணி நேரம். அங்கே 4 அல்லது 5 கிரெடிட் பாடம் அதற்கு இணை. இது அடிப்படைக் கணக்கு. மாற்றும் அளவை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே முடிவு செய்யும்.

எனவே, புறப்படும் முன்பே எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்று எழுதி, இரு பக்கமும் கையொப்பம் வாங்க வேண்டும். இந்தத் தாளின் பெயர் கற்றல் ஒப்பந்தம். "அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்பது இங்கே செல்லாது. அங்கே போன பிறகு பாடம் மாறினால் மறுபடியும் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும்.

இன்னொரு யோசனை: விருப்பப் பாடங்களை முதல் ஆண்டிலேயே முடித்துவிடாமல் சிலவற்றை மிச்சம் வையுங்கள். கட்டாயப் பாடங்களுக்குச் சரியான ஈடு கிடைப்பது கடினம். விருப்பப் பாடங்களுக்கு ஈடு கிடைப்பது எளிது.

4. நாள்காட்டியும் விசாவும்

ஜெர்மனியின் குளிர்காலப் பருவம் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரியில் முடியும். தேர்வுகள் அதற்குப் பின்னும் நீளலாம். இங்கே அடுத்த பருவம் எப்போது தொடங்குகிறது என்று பார்த்து, இரண்டும் மோதாதபடி திட்டமிட வேண்டும்.

"மலேசியக் கடப்பிதழுக்கு ஜெர்மனியில விசா வேணாமே?" என்று சிலர் கேட்பார்கள். சுற்றுலாவுக்கு அது சரி. 180 நாள் காலத்துக்குள் 90 நாள் வரைதான் அந்தச் சலுகை. ஒரு பருவம் நான்கு, ஐந்து மாதம் என்பதால் நீண்ட காலத் தங்கலுக்கான விசா கட்டாயம் வேண்டும்.

5. அங்கே போன பிறகு

வீடு கிடைத்து இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அரிசி, பருப்பு எல்லாம் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும்.

நேர அட்டவணையில் '10 சி.டி.' என்று இருந்தால் வகுப்பு 10.15க்குத் தொடங்கும். 'எஸ்.டி.' என்றால் சரியாகப் பத்து மணி. வகுப்புக்குப் பதிந்தால் தேர்வுக்கும் பதிந்ததாக ஆகாது. பல பல்கலைக்கழகங்களில் தேர்வுக்குத் தனியாகப் பெயர் கொடுக்க வேண்டும். கெடு தாண்டினால் பருவம் முழுக்க உட்கார்ந்து படித்தும் கிரெடிட் கிடைக்காது.

புள்ளி முறையும் தலைகீழ். நமக்கு 4.00 என்றால் உச்சம். அங்கே 1.0 தான் உச்சம், 4.0 என்றால் ஏதோ தேறியாயிற்று என்று பொருள், 5.0 தோல்வி. மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பெற்றோர் அவசரப்பட்டு மகிழவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம்!

6. எப்போது என்ன செய்வது?

• படிவம் 5, 6: திட்டம் இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆங்கிலத்தில் தடையின்றி வாசிக்கவும் எழுதவும் பழகுங்கள்.
• முதலாம் ஆண்டு: சி.ஜி.பி.ஏ.யைக் காப்பாற்றுங்கள், தேர்வு செய்யும்போது அதைப் பார்ப்பார்கள். அனைத்துலக உறவுப் பிரிவுக்குப் போய் ஒப்பந்தப் பட்டியலைக் கேளுங்கள்.
• இரண்டாம் ஆண்டு: விண்ணப்பம், கற்றல் ஒப்பந்தம், உபகாரச் சம்பளம், விசா. புறப்படுவதற்கு ஓராண்டுக்கு முன்பே வேலையைத் தொடங்குவது பாதுகாப்பு.
• திரும்பியதும்: மதிப்பெண் பட்டியலைப் பெற்று, கிரெடிட் மாற்றத்தை உறுதிசெய்யுங்கள்.

கல்விக் கடனோ உதவிநிதியோ பெறுபவர்கள், வெளிநாட்டில் இருக்கும் பருவத்துக்கும் அது தொடருமா என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

7. கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு

'வெளிநாட்டுக் கல்வியின் நன்மை தீமைகள்' போன்ற தலைப்பு வந்தால், மேற்படிப்புக்காக வெளிநாடு செல்வதையும் பரிமாற்றப் பருவத்தையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள். இரண்டையும் வேறுபடுத்தி எழுதினாலே உங்கள் கட்டுரை தனித்துத் தெரியும். 'பல பண்பாடுகளை அறியலாம்' என்று பொதுவாக எழுதி நிறுத்தாமல், ஒரு சான்று கொடுங்கள்: புள்ளி முறை, ஞாயிற்றுக்கிழமைக் கடை, கற்றல் ஒப்பந்தம். சான்று இருந்தால்தான் கருத்து நிற்கும்.

பயன்படும் சொற்கள்: தாய்ப் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம், பரிமாற்ற மாணவர், விருப்பப் பாடம், கட்டாயப் பாடம், கற்றல் ஒப்பந்தம், உபகாரச் சம்பளம், கடப்பிதழ், காப்புறுதி.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் மாணவருக்கு இவற்றையெல்லாம் சொல்ல அண்ணனோ அக்காவோ இருக்கமாட்டார்கள். விடைபெற வரும்போது, "முதல் வருஷமே அனைத்துலகப் பிரிவுக்குப் போய்க் கேளுப்பா" என்று நாம் சொல்லி அனுப்பலாம். கேட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று முடிவு செய்தாலும் சரிதான். கேட்கத் தெரியாததால் வாய்ப்பு போய்விடக் கூடாது.