கோல்டன் மைல்: ஒரு கடைத்தொகுதியின் தளர்ச்சியும் மீட்சியும்

கடைத்தொகுதி ஒன்று தளர்வதற்கு மக்கள் வரவு குறைவதே காரணம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயின், மக்கள் நிறைந்திருக்கும்போதே கட்டடம் சீரழிவதும் உண்டு. சிங்கப்பூரின் பீச் ரோட்டில் நிற்கும் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

தோற்றம்

சிங்கப்பூர் தனிநாடான சில ஆண்டுகளிலேயே நகர நடுப்பகுதியைப் புதுப்பிக்கும் பெருமுயற்சி தொடங்கிற்று. 1967இல் அரசாங்கம் நகர நிலங்களை டெண்டர் முறையில் தனியாருக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடலாயிற்று. அந்நிலங்களுள் ஒன்றில் எழுந்ததே இக்கட்டடம். 1973இல் கட்டி முடிக்கப்பட்ட இதற்குத் தொடக்கத்தில் வோ ஹப் காம்ப்ளெக்ஸ் என்று பெயர். வில்லியம் லிம், டே கெங் சூன், கான் எங் ஊன் முதலிய கட்டடக் கலைஞர்கள் டிசைன் பார்ட்னர்ஷிப் நிறுவனத்தின் சார்பில் இதனை வரைந்தனர்.

பதினாறு மாடிகள் கொண்ட இக்கட்டடத்தின் கீழ்த்தளங்களில் கடைகளும், அவற்றின்மேல் அலுவலகங்களும், உச்சியில் வீடுகளும் அமைந்தன. உறைவிடமும் தொழிலும் வாணிகமும் ஒரே கூரையின்கீழ் இருந்தால் நகரம் இரவிலும் உயிருடன் விளங்கும் என்பது அவர்களது கொள்கை. மேல்மாடிகள் படிக்கட்டைப் போல ஒன்றன்பின் ஒன்றாகப் பின்வாங்கிச் செல்வதால், அவ்வீடுகளுக்கு வானம் நோக்கிய திறந்த முகப்பும் கடற்காட்சியும் கிடைத்தன.

பிரிந்த உரிமை

கடைகளும் வீடுகளும் தனித்தனி உரிமையாளர்களுக்கு விற்கப்பட்டன. ஸ்ட்ராட்டா எனப்படும் அடுக்குரிமை முறை இதற்கு வழிவகுத்தது. நகர நடுவில் சிறு வணிகர் ஒருவர் சொந்தக் கடை பெறுவது இம்முறையால் இயல்வதாயிற்று. இது பெரும் நன்மையே.

எனினும் இதில் ஒரு குறை மறைந்திருந்தது. ஒரே உரிமையாளருக்குச் சொந்தமான கடைத்தொகுதியில், எந்தக் கடைக்கு எந்த இடம் என்று வகுப்பவர் அவரே. வாடகை வரவிலிருந்து பழுது பார்க்கப் பணம் ஒதுக்குபவரும் அவரே. உரிமை நூற்றுக்கணக்கானோரிடம் பிரிந்திருக்கும்போது, பெரிய பழுது எதையும் பார்க்கப் பலரும் இசைய வேண்டும். தம் கடையைச் செம்மையாக வைத்திருப்பவரும் பொது நடைவழிக்கும் மின்தூக்கிக்கும் கூடுதலாகப் பணம் தரத் தயங்குவர். அனைவருக்கும் பொதுவானது எவருக்கும் உரியதன்று என்றாகிவிடுகிறது.

கோல்டன் மைலில் நேர்ந்ததும் இதுவே. திறந்த முகப்புகளை வீட்டினர் தகடும் பலகையும் கண்ணாடியும் கொண்டு தத்தம் விருப்பப்படி அடைத்துக்கொண்டனர். 2006இல் நியமன நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் இதனைச் செங்குத்தான சேரி என்று கண்டித்தார்.

தாய்லாந்து மக்களின் அங்காடி

ஆனால் அந்தச் ‘சேரி’யில் வாணிகம் சாகவில்லை. ஹாட்யாய் செல்லும் பேருந்துகள் இங்கிருந்து புறப்பட்டன. பயணச் சீட்டுக் கடைகளைத் தொடர்ந்து தாய்லாந்து உணவகங்களும் மளிகைக் கடைகளும் பெருகின. ஞாயிற்றுக்கிழமைகளில் தாய்லாந்துத் தொழிலாளர்கள் இங்கே கூடி, தம் ஊர் உணவை உண்டு, தம் மொழியில் உரையாடி மகிழ்ந்தனர். பகலில் நாளங்காடியாகவும் இரவில் அல்லங்காடியாகவும் விளங்கிய இவ்விடம் ‘குட்டித் தாய்லாந்து’ என்றே பெயர் பெற்றது. கட்டடம் பழையதாகி வாடகை குறைந்திருந்ததும் சிறு கடைகள் இங்கே நிலைக்கத் துணைசெய்தது.

மீட்சி

பழைய தொகுதியை ஒட்டுமொத்தமாக விற்க, பங்கு மதிப்பிலும் பரப்பிலும் பொதுவாக 80 விழுக்காடு உடைய உரிமையாளர்களின் இசைவு வேண்டும் என்பது அப்போதைய சட்டம். 2018இல் தொடங்கிய விற்பனை முயற்சி பலிக்கவில்லை. அதே ஆண்டில் விற்கப்பட்ட பேர்ல் பேங்க் அடுக்குமாடி பின்னர் இடிக்கப்பட்டது. கோல்டன் மைலுக்கும் அக்கதி நேரலாகாது என்று கட்டடக் கலைஞர்களும் வரலாற்று ஆர்வலர்களும் குரல் எழுப்பினர்.

2021 அக்டோபரில் அரசாங்கம் இதனைப் பாதுகாக்கப்படும் கட்டடமாக அறிவித்தது. அடுக்குரிமை கொண்ட இத்தகைய பெரிய நவீனக் கட்டடம் சிங்கப்பூரில் பாதுகாக்கப்பட்டது இதுவே முதன்முறை. இடிக்க இயலாத கட்டடத்தை வாங்க எவர் முன்வருவர்? அதற்காகவே, பக்கத்தில் புதிய கோபுரம் எழுப்பும் வகையில் கூடுதல் தளப்பரப்புக்கு இசைவு தரப்பட்டது. 2022இல் மூன்று நிறுவனங்களின் கூட்டணி 70 கோடி வெள்ளிக்கு இதனை வாங்கிற்று. சிதறிக் கிடந்த உரிமை மீண்டும் ஒரு கைக்கு வந்தது. புதுப்பிக்கும் வழியும் பிறந்தது.

ஆனால் 2023 மே மாதத்தில் கடைக்காரர்கள் அனைவரும் வெளியேற நேர்ந்தது. சில கடைகள் வேறிடங்களுக்குப் பெயர்ந்தன. சட்டம் சுவரையும் தூணையும் காத்தது. அவற்றினிடையே தானாக வளர்ந்த அங்காடியைக் காக்கும் விதி அதில் இல்லை. புதுப்பித்த கட்டடத்தின் வாடகையைத் தாங்கும் வணிகர் வேறு. பழைய கட்டடத்தில் பிழைத்த வணிகர் வேறு.

ஆகவே மீட்சி என்பது இருவகைப்படும். ஒன்று கட்டடத்தின் மீட்சி. மற்றொன்று அதை நம்பி வாழ்ந்தோரின் மீட்சி. முன்னது கோல்டன் மைலில் கைகூடும் வழி பிறந்துவிட்டது. பின்னதற்கும் வழி காணும் நகரமே கடைத்தொகுதியை முழுமையாக மீட்ட நகரமாகும்.