வளர்ந்தோர் இசை பயிலலும் ஆசிரியர் தேர்வும்

இசை பயிலத் தொடங்கும் வயது ஐந்து அல்லது ஏழு என்பது தமிழரிடையே வேரூன்றிய எண்ணம். ஐம்பதைக் கடந்த ஒருவர் பாட்டுக் கற்க வேண்டுமென்று வாய் திறந்தால், "இனிமேல் எதற்கு?" என்ற கேள்வியே முன்வந்து நிற்கும். பேராக்கில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறியும் துண்டாடப்பட்டும் போனபின், லயங்களை விட்டு ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் பத்து காஜாவிலும் குடியேறியவர்களுள் இவ்வாசை உடையோர் உண்டு. தோட்டத்துப் பஜனையில் கேட்டுக் கேட்டே பாடியவர்கள் அவர்கள். விடியுமுன் பெரட்டு, பின்னர்ப் பால்வெட்டு என்றிருந்த அந்நாளில் முறையாகப் பயில ஓய்வேது? இன்று ஓய்வு உண்டு. ஆசிரியர் கிடைப்பதுதான் அரிது.

பெயர்பெற்ற பாடகரை நாடுவதே பலரும் முதலில் செய்வது. ஆனால் கச்சேரி செய்தல் வேறு, கற்பித்தல் வேறு. 1928இல் தோன்றிய சென்னை மியூசிக் அகாதெமி, 1931இல் இசையாசிரியர்களுக்கென்றே ஒரு கல்லூரி தொடங்கியது இவ்வேறுபாட்டை உணர்ந்தே எனலாம். ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) வாழ்க்கையும் ஈண்டு நினைக்கத்தக்கது. திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று அங்கேயே பணியாற்றிய இளமைக் காலத்தில், அவ்வூரிலிருந்த சடையாண்டிப் பத்தரிடம் அவர் பிடில் கற்றார். புகழ்பெற்ற வித்துவான் வாய்க்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அவரே பின்னாளில், 1912இல், தஞ்சையில் இசை மாநாடு கூட்டினார்; 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார்.

அருகில் உள்ளவர் எல்லாம் ஆசிரியர் ஆகிவிடுவரோ எனின், ஆகார். முதற்சோதனை சுருதி. ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டை, இரண்டு கட்டையை ஒட்டியும், பெண்கள் ஐந்து, ஆறு கட்டையை ஒட்டியும் பாடுவர். ஐந்து கட்டையில் நடக்கும் சிறுவர் வகுப்பில் ஐம்பது வயது ஆடவர் ஒருவரை அமர்த்தினால், மேல் சட்ஜத்தை எட்டுவதற்குத் தொண்டையை இறுக்குவார். சில வாரங்களில் குரல் கம்மும். "எனக்குப் பாட்டு வராது" என்று வீடு திரும்புவார். வராதது பாட்டன்று, சுருதிதான் பொருந்தவில்லை. முதல் நாளே பாடத்தில் இறங்காமல், கற்பவர் குரல் கீழும் மேலும் எதுவரை வருத்தமின்றிச் செல்கிறது என்று பார்த்துச் சுருதி வகுப்பவரே நம்பத்தக்கவர். பெண்ணுக்குக் கற்பிக்கும் ஆண், தம் சுருதியை விட்டுக்கொடுத்து அவர் சுருதிக்கு வர வேண்டும். இது எல்லோரும் செய்வதன்று.

அடுத்தது பாடமுறை. சரளி வரிசை முதலிய தொடக்கப் பாடங்களை மாயாமாளவகௌளையில் அமைத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. அவ்விராகத்தில் ச-ரி, க-ம, ப-த, நி-ச ஆகியவை நெருங்கியும், ரி-க, த-நி ஆகியவை அகன்றும் நிற்கின்றன. முற்பாதியின் அமைப்பே பிற்பாதியிலும் திரும்ப வருதலால், இடைவெளிகள் காதுக்குத் தெளிவாகப் புலப்படும். தேவாரத்தில் இந்தளப் பண்ணும் ஓதுவார் மரபில் இவ்விராகத்திலேயே பாடப்படுகிறது. சுந்தரரின் முதற்பதிகம் அப்பண்ணில் அமைந்ததே. ஆகவே, கோயிலில் அப்பதிகத்தைப் பல்லாண்டு கேட்டவர் காதில் சரளியின் இராகம் முன்பே குடியிருக்கிறது. குழந்தைக்கு இல்லாத முதல் இது. அப்பதிகத்தையே பாடச் சொல்லி, அதிலிருந்து சுரங்களைப் பிரித்துக் காட்டும் ஆசிரியரிடம் பாடம் விரைந்து நடக்கும். சரளியே வேண்டா, நேரே பாட்டுக்குப் போவோம் என்று துடிப்பவருக்கு இணங்கிப் போகிறவரோ, கற்பவரைப் பழைய கேள்விப்பாட்டிலேயே விட்டுவிடுகிறார்.

கோயில் நாதசுரக் கலைஞர், திருமுறை வகுப்பு நடத்துவோர் ஆகியோரிடம் முதலில் விசாரிக்கலாம். இணையவழிப் பாடமும் இன்று உண்டு. அதில் ஒலி சற்றே பிந்தி வருதலால் இருவரும் சேர்ந்து பாட இயலாது. தாளப் பிழையும் எளிதில் பிடிபடாது. எவரிடம் சேர்ந்தாலும் சில வாரங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கற்பவர் பிசகும்போது ஆசிரியர் உரக்கப் பாடி அதனை மூடிவிடுகிறாரா, நிறுத்தி அந்த ஒரு சுரத்தை மட்டும் மறுபடி பாடச் செய்கிறாரா?